விறகடுப்பை விட்டு எதற்கு மாறுவது? நுரையீரல் நோயாளி உள்ள வீட்டுக்கான ஓர் ஒப்பீடு

வாழ்நாளில் பீடி, சிகரெட் எதையும் தொட்டிராத அறுபது வயதுப் பெண்ணுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்திருப்பதாக மருத்துவர் சொன்னால் வீட்டார் எளிதில் நம்புவதில்லை. அது புகைபிடிக்கும் ஆண்களின் நோய் என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். பத்தாண்டுகளாக வீசிங் என்றும், இளைப்பு என்றும், பனிக்காலத்துச் சளி என்றும் சொல்லிக் கடத்திவந்த தொல்லைக்குச் சிஓபிடி என்ற பெயர் கிடைத்ததும் இன்ஹேலர் எழுதித் தரப்படுகிறது. கூடவே, அடுப்புப் புகை ஆகாது, இனி விறகுப் பக்கம் போகக் கூடாது என்ற அறிவுரையும் வருகிறது. மருந்தை எந்த நேரத்தில் எப்படி எடுப்பது என்று சீட்டில் எழுதியிருக்கும். விறகை விட்டு எதற்கு மாறுவது, அதற்கு வீட்டு வரவுசெலவில் எங்கே இடம் தேடுவது என்பதெல்லாம் எழுதியிருக்காது. தமிழ்நாட்டுக் கிராமத்து வீடு ஒன்றின் முன் இருக்கும் வழிகளை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் நோயைப் பற்றிச் சில வரிகள் தேவை, ஏனெனில் எந்த வழி நல்லது என்பது நோயின் தன்மையைப் பொறுத்தது. ஸ்பைரோமெட்ரி என்னும் பரிசோதனையில் நோயாளி மூச்சை முழுவதும் உள்ளிழுத்து, ஒரு குழாய்க்குள் பலங்கொண்ட மட்டும் ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் நொடியில் வெளியேறும் காற்று மொத்தமாக ஊதிய காற்றில் 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு நிலையானது என்று பொருள். ஆஸ்துமாவில் இந்த அடைப்பு பெரும்பாலும் மருந்தால் விலகிவிடும். இந்த நோயில் முழுமையாக விலகாது. வயது ஏற ஏற எல்லோருக்கும் ஊதும் திறன், அதாவது முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு, ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிலிட்டர் வரை குறையத்தான் செய்கிறது. புகையில் வாழ்ந்த நுரையீரலில் அந்தச் சரிவு வேகமாக நடக்கிறது. இழந்ததை மீட்டுத் தரும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே அடுப்பை மாற்றுவதால் கிடைக்கக்கூடியது குணமாதல் அன்று. சரிவின் வேகத்தைக் குறைப்பதும், அடிக்கடி மூச்சுத்திணறல் முற்றி மருத்துவமனைக்கு ஓடும் நிலையைத் தள்ளிப்போடுவதுமே. விறகுப் புகை மட்டும் இந்நோயைக் கொண்டுவருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய காசநோய், தொழிலிடத் தூசு, குழந்தைப் பருவத்தில் அடிக்கடி வந்த நெஞ்சுச்சளி ஆகியவையும் காரணங்களாகலாம். காரணம் எதுவானாலும், நோய் வந்த பிறகு புகை ஆகாது என்பதில் மாற்றமில்லை.

புகையின் அளவைப் பற்றி ஓர் உணர்வு இருந்தால் ஒப்பீடு எளிதாகும். பி.எம் 2.5 எனப்படும் நுண்துகள் ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. இந்திய அரசு 2009இல் வகுத்த வரம்பு 40. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் உடன் பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், விறகு, சாணம் முதலியவற்றால் சமைக்கும் பெண் ஒரு நாள் முழுவதும் சுவாசித்த நுண்தூசு சராசரியாக 231 மைக்ரோகிராமாக இருந்தது. எரிவாயு போன்ற தூய எரிபொருள் உள்ள வீடுகளில் அது 82. அளக்கப்பட்ட துகளின் வகை சற்று வேறு என்பதால் மேற்சொன்ன வரம்புகளோடு நேருக்கு நேர் ஒட்டிப் பார்க்க முடியாது. ஆனாலும் இரண்டு செய்திகள் தெளிவாகத் தெரிகின்றன. எரிபொருள் மாற்றம் பெரிய அளவில் பயன் தருகிறது. தூய எரிபொருள் உள்ள வீட்டிலும் காற்று அவ்வளவு தூயதாக இல்லை, ஏனெனில் பக்கத்து வீட்டுப் புகையும் தெருப்புழுதியும் மதிலைப் பார்த்து நிற்பதில்லை.

இந்த எண்களை வைத்துப் பார்த்தால், எந்த அடுப்பு குறைவாகப் புகைகிறது என்ற கேள்வியைவிட, எதை வாங்கினால் விறகடுப்பு முற்றிலும் அணைகிறது என்ற கேள்வியே முக்கியமானது என்பது என் கருத்து. 231ஐப் பாதியாக்கினாலும் 115 மிஞ்சுகிறது. நோயாளியின் நுரையீரலுக்கு அதுவும் அதிகம்தான். புதிய அடுப்பு ஒன்று வந்து பழைய அடுப்பும் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தால் செலவு செய்தது வீண் என்று சொல்லாவிட்டாலும், எதிர்பார்த்தது கிடைக்காது.

செலவு குறைந்த வழி, அடுப்பை மாற்றாமல் புகையை வெளியேற்றுவது. சுவரில் புகைபோக்கி வைப்பது, சன்னலைப் பெரிதாக்குவது, அடுப்பைத் தாழ்வாரத்துக்கோ கொல்லைக்கோ கொண்டுபோவது ஆகியவை இதில் அடங்கும். சீனாவின் யுன்னான் மாகாணத்து சுவான்வெய் பகுதியில் புகை மிகுந்த நிலக்கரியை வீட்டுக்குள் மூட்டிவந்த மக்கள் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய பிறகு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவது ஆண்களிடமும் பெண்களிடமும் குறைந்தது என்பதை 2005இல் வெளிவந்த நீண்டகால ஆய்வு காட்டியது. ஆனால் அங்கே தொடக்கத்தில் இருந்த புகை வெளியேற வழியே இல்லாத புகை. குவாத்தமாலாவின் மலைப்பகுதியில் புகைபோக்கி அடுப்பைக் கொடுத்துப் பார்த்த சோதனையில், பெண்களுக்கு நெஞ்சில் வீசிங் குறைந்தது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் ஊதும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நம் ஊர்க் கொல்லை அடுப்புக்கு வந்தால், வீட்டுக்குள் இருக்கும் மற்றவர்களுக்கு அது உறுதியாக நன்மை. அடுப்பின் முன் குனிந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருப்பவருக்கு அந்த நன்மை பெரிதாகக் கிடைக்காது; புகை கலையும் முன்பே அவர் முகத்தைத் தொட்டுவிடுகிறது. எனவே நோயாளி சமைக்காமல் வேறொருவர் சமைக்கிறார், வேறு வழிக்கு இப்போதைக்குப் பணமில்லை என்னும் வீட்டுக்கு இது இடைக்கால ஏற்பாடாகலாம். நோயாளியே சமைக்கிறார் என்றால் இதை நம்பி இருக்க வேண்டாம்.

அடுத்தது மேம்படுத்தப்பட்ட விறகடுப்பு, அதாவது புகையில்லா அடுப்பு என்ற பெயரில் பல பத்தாண்டுகளாகக் கிராமங்களில் கட்டித் தரப்பட்டதும், இன்று உலோகத்தில் சிறு மின்விசிறி வைத்து விற்கப்படுவதுமான அடுப்பு. இதன் வரலாறு ஊக்கமளிப்பதாக இல்லை. ஒடிசாவில் ரீமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளியலாளர்கள் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், முதலாண்டில் புகை குறைந்தது. பிறகு அடுப்பைச் சரிவரப் பராமரிப்பதும் பயன்படுத்துவதும் குறைய, உடல்நலத்தில் வேறுபாடு எதுவும் எஞ்சவில்லை. மலாவியில் மின்விசிறி அடுப்பைக் கொடுத்து ஏறத்தாழ 10,000 குழந்தைகளைக் கண்காணித்த சோதனையிலும் நிமோனியா குறையவில்லை. இதற்கு மாறாக மெக்சிகோவின் மிச்சோவாகானில் கிடைத்த முடிவு கவனிக்கத்தக்கது. அங்கே பட்சாரி என்னும் புகைபோக்கி அடுப்பையே முதன்மையாகப் பயன்படுத்திய பெண்களுக்கு ஓராண்டில் ஊதும் திறன் 31 மில்லிலிட்டர் குறைந்தது. திறந்த அடுப்பில் சமைத்தவர்களுக்கு 62 குறைந்தது. ஆனால் அடுப்பு பெற்றவர்களில் அதையே முதன்மையாகப் பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு.

ஏன் பயன்படுத்துவதில்லை என்று அடுப்புப் பக்கம் நின்று பார்த்தால் புரியும். புகைபோக்கிக் குழாயில் ஓரிரு மாதத்தில் கரி படிந்து துளை சுருங்கும். கூரைமேல் ஏறி அதைத் தட்டிவிட ஆள் வேண்டும். அடுப்பின் வாய் சிறியது என்பதால் சீமைக்கருவேலக் கட்டையைச் சிறு துண்டாகப் பிளந்தாக வேண்டும்; தென்னை மட்டையையும் பருத்திமிளாரையும் நீட்டமாகவே செருகித் தள்ளிவிட்டுப் போகும் வசதி அதில் இல்லை. பத்துப் பேருக்குச் சோறு வடிக்கும் குண்டான் அதன்மேல் உட்காராது. அறிவுரையைப் பெண்கள் கேட்கவில்லை என்று அதிகாரிகள் குறைபட்டுக்கொள்வதுண்டு. அடுப்பைச் செய்தவர் சமைப்பவரைக் கேட்டாரா என்பதை முதலில் விசாரிக்கலாம். நோயாளி உள்ள வீட்டில் இந்த வழிக்குப் பணம் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எரிவாயு தமிழ்நாட்டில் புதிதல்ல. 2006இல் ஆட்சிக்கு வந்த அரசு இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கியது. மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் 2016 மே மாதம் தொடங்கியது. இன்று மாநிலத்தில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் தூய எரிபொருளையே முதன்மையாகப் பயன்படுத்துவதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எரிவாயு எவ்வளவு புகையைக் குறைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஹேப்பின் என்னும் பெரிய சோதனையின் இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் நடந்தது. அடுப்பையும் சிலிண்டரையும் இலவசமாக வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்ததில், நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்க்கையில் பெண்கள் சுவாசித்த நுண்துகள் 24 மைக்ரோகிராமாக இறங்கியது. விறகையே தொடர்ந்தவர்களுக்கு அது 70ஐ ஒட்டி இருந்தது. வேறு எந்த அடுப்புச் சோதனையிலும் எளிதில் காண முடியாத வீழ்ச்சி இது.

அதே சோதனையில் குழந்தைகளின் பிறப்பெடை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை, கடும் நிமோனியாவும் குறையவில்லை என்பதை மறைக்கக் கூடாது. அது கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பற்றிய முடிவு. ஐம்பது வயதைத் தாண்டியவரின் நுரையீரல் சரிவைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நெருக்கமான சான்று தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலிருந்து வருகிறது. அங்கே சில கிராமங்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், விறகை விட்டுச் சாண எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கும் சமையலறைக் காற்றோட்டத்தைச் சீர்செய்தவர்களுக்கும் ஊதும் திறன் மெதுவாகவே குறைந்தது. இரண்டையும் செய்தவர்களுக்கும், நீண்ட காலம் தொடர்ந்தவர்களுக்கும் பயன் கூடுதலாக இருந்தது. எரிபொருளா காற்றோட்டமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, இரண்டும் சேர வேண்டும் என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. எரிவாயுச் சுடர் நைட்ரஜன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. பெருவில் சாணத்தோடு ஒப்பிடுகையில் அது வெகுவாகக் குறைந்தாலும் பல வீடுகளில் உலகச் சுகாதார நிறுவன வரம்புக்கு மேலேயே இருந்தது. மூச்சுக்குழாய் ஏற்கெனவே புண்பட்டவருக்கு இது பொருட்படுத்தத்தக்கது. ஆகவே எரிவாயு அடுப்புக்கு மேலேயோ எதிரிலோ ஒரு திறப்பு இருந்தாக வேண்டும்.

எரிவாயுவின் உண்மையான பலவீனம் புகையில் இல்லை, நிரப்பும் செலவில் இருக்கிறது. உஜ்வாலா வீடுகள் 2019-20இல் சராசரியாக ஆண்டுக்கு மூன்று சிலிண்டர்தான் வாங்கின. 2023-24இல்தான் அது நான்கை நெருங்கியது. நான்கு பேர் உள்ள வீட்டில் முழுச் சமையலும் எரிவாயுவில் நடந்தால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ ஒன்றரை மாதம் வரும். அப்படியானால் ஆண்டுக்கு எட்டு வேண்டும். மூன்று, நான்கு வாங்கும் வீட்டில் மீதிச் சமையல் எதில் நடக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. விருந்தாளி வந்தால் தேநீர் எரிவாயுவில், சோறும் குழம்பும் விறகில் என்பது பல வீடுகளில் எழுதப்படாத ஏற்பாடு. சிக்கனம் என்று பார்த்தால் அது நியாயமே. நுரையீரலின் கணக்கில், அதிக நேரம் எரிய வேண்டியதைப் புகையில் விட்டுவிட்டுக் குறைந்த நேர வேலையைத் தூய அடுப்புக்குக் கொடுத்ததாக ஆகிறது. வாங்கக்கூடியது நான்கு சிலிண்டர்தான் என்றால், அவற்றைச் சோறு, குழம்பு, கஞ்சி போன்ற நெடுநேர வேலைக்கு வைத்துக்கொண்டு, தேநீரையும் பால் காய்ச்சுவதையும் மின்சாரத்துக்கு மாற்றுவதே அறிவுடைமை.

மின்சாரத்துக்கு, அதாவது இண்டக்‌ஷன் அடுப்புக்கு, தமிழ்நாட்டில் ஒரு தனிச் சாதகம் உண்டு. 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒரு சிலிண்டரில் உள்ள ஆற்றலையும், எரிவாயு அடுப்பில் அதில் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் பங்கையும், இண்டக்‌ஷனில் போய்ச் சேரும் பங்கையும் வைத்துக் கணக்கிட்டால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை ஏறத்தாழ 130 யூனிட் மின்சாரம் செய்துவிடும். ஒன்றரை மாதத்துக்கு ஒரு சிலிண்டர் என்று சமைக்கும் வீடு முழுவதுமாக மாறினால் இரண்டு மாதத்துக்கு 170 யூனிட்டுக்கு மேல் கூடும். மின்விசிறியும் தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் ஏற்கெனவே அந்த 100 யூனிட்டைத் தின்றுகொண்டிருக்கும் வீட்டில் இந்தக் கூடுதல் முழுக்க முழுக்கக் கட்டணத்தில்தான் விழும். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த கட்டண விகிதமும் கைவிட்டுப் போகும். ஆகவே இலவச மின்சாரம் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு மாற வேண்டாம். கடைசி மூன்று மின் கட்டணச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்கிட வேண்டும். ஒரே விளக்கும் விசிறியும் உள்ள சிறு வீட்டுக்கு, வசதியான வீட்டைவிட இந்த வழி மலிவாக அமைவது விந்தையாகத் தோன்றினாலும் உண்மை.

நோயாளியின் நோக்கில் பார்த்தால் இண்டக்‌ஷனுக்கு ஈடான அடுப்பு இல்லை. எரியும் பொருளே இல்லாததால் நைட்ரஜன் டை ஆக்சைடும் இல்லை. தாளிக்கும்போதும் மிளகாய் வறுக்கும்போதும் எழும் நெடி மட்டுமே மிஞ்சும். இன்னொரு காரணம் இதைவிட வலுவானது. நோய் முற்றி இரத்தத்தில் ஆக்சிஜன் தொடர்ந்து குறைந்துவிட்டவர்களுக்கு, நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ளும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் இருப்பவர் விறகுச் சுடர், எரிவாயுச் சுடர் எதன் அருகிலும் போகக் கூடாது. குழாயும் புடவையும் நொடியில் பற்றிக்கொள்ளும். அத்தகைய வீட்டில் இண்டக்‌ஷன் என்பது பாதுகாப்புத் தேவை. ஆனால் இரும்பு போன்ற, காந்தம் ஒட்டும் அடிப்பகுதி கொண்ட தட்டையான பாத்திரங்களே அதில் வேலை செய்யும். அலுமினியக் குண்டானும் மண்சட்டியும் உதவா. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் மருத்துவரைக் கேட்ட பிறகே அதன் அருகில் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் அன்றைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும், இல்லையேல் அந்த நாளில் கொல்லை அடுப்பு மீண்டும் உயிர்பெற்றுவிடும். 5 ஆம்பியர் பிளக்கில் செருகி ஒயர் உருகிப்போவதும் நடப்பதால், மின்பணியாளரை அழைத்து 15 ஆம்பியர் இணைப்பும் நிலத்தொடர்பும் போட்டுக்கொள்ள வேண்டும்.

சாண எரிவாயுவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. சுடர் தூயது, எரிபொருளுக்குக் காசில்லை. ஆனால் 2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணம் கரைத்து ஊற்ற வேண்டும். நான்கைந்து மாடுகளும், மூச்சு வாங்காமல் அந்த வேலையைச் செய்ய ஆளும் உள்ள வீட்டுக்கு மட்டுமே அது பொருந்தும்.

பெரும்பாலான ஆலோசனைகள் தொடாமல் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது: வெந்நீர் அடுப்பு. சமையல் முழுவதும் எரிவாயுவுக்கு வந்துவிட்ட வீட்டிலும் கொல்லையில், குளியலறையை ஒட்டி, மூன்று கல்லின்மேல் அண்டா ஏற்றி வைத்திருப்பார்கள். கணக்கெடுப்புக்கு வருபவர் எதில் சமைக்கிறீர்கள் என்று கேட்பார். வெந்நீர் எதில் போடுகிறீர்கள் என்பது அந்தக் கேள்விக்குள் வராது. அதனால் அந்த வீடு தூய எரிபொருள் வீடாகவே எண்ணப்படும். இந்த அடுப்புக்குப் போவது நல்ல விறகும் அல்ல. மார்கழி அதிகாலையில் பனியில் நனைந்த தென்னம்பாளை, மட்டை, தோட்டத்துச் சருகு, பழைய அட்டைப்பெட்டி, சில வீடுகளில் பால் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பையும் கூட அதற்குள் செல்கின்றன. ஈரமான விறகு எரிவதைவிடப் புகைவதே அதிகம். காற்று அசையாத அந்த நேரத்தில் புகை தரையோடு படர்ந்து சன்னல் வழியாக உள்ளே வருகிறது. நோயாளிக்கு மூச்சுத்திணறல் முற்றுவதும் பெரும்பாலும் அதே பனிக்காலத்தில்தான் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அண்டாவுக்கு நெருப்பு மூட்டுவது பல வீடுகளில் முதலில் எழும் மூத்த பெண்ணின் வேலை. புகை ஆகாது என்று மருத்துவர் சொன்னதும் பெரும்பாலும் அவரிடமே.

இதற்கு மாற்று பெரிய செலவு பிடிப்பதில்லை. ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ கால் யூனிட் மின்சாரம் போதும். நான்கு பேருக்குத் தினமும் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு 60. நோயாளிக்கு மட்டும் என்றால் 15 யூனிட். 1,500 வாட் தண்ணீர் ஹீட்டர் கம்பி அந்த வாளியைப் பத்து நிமிடத்தில் சூடாக்கிவிடும். மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும் என்பதை வீட்டில் ஒவ்வொருவருக்கும் சொல்லிவைக்க வேண்டும். கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் இருக்க வேண்டும், ஏனெனில் இந்தக் கம்பியால் உயிர்கள் போயிருக்கின்றன. காங்கிரீட் மாடி உள்ள வீட்டுக்கு 100 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலன் சிறந்தது. ஓட்டு வீட்டில் அதை ஏற்றுவது கடினம். கோடையில் வெந்நீரே தேவைப்படாத வீடுகள் உண்டு என்பதால் இந்தச் செலவு ஆண்டு முழுவதற்குமானது அன்று. சமையலை எரிவாயுவில் வைத்துக்கொண்டு வெந்நீரை மின்சாரத்துக்கு மாற்றும் வீடு, முழு இண்டக்‌ஷனுக்கு மாறும் வீட்டைவிடக் குறைந்த செலவில் விறகிலிருந்து விடுபடுகிறது. இந்த ஒப்பீட்டில் நான் முதலிடம் கொடுப்பது இதற்கே.

அடுப்பைத் தவிர வேறு சிலவற்றையும் கடைகளில் தீர்வாகக் காட்டுகிறார்கள். துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுப்பதில்லை. என்-95 தடுக்கும், ஆனால் ஏற்கெனவே மூச்சு வாங்கும் ஒருவர் அதை இறுக அணிந்துகொண்டு அடுப்பு முன் வெக்கையில் ஒரு மணி நேரம் நிற்பது நடைமுறைக்கு ஒவ்வாது. காற்றுச் சுத்திகரிப்பான் மூடிய அறைக்குரியது. கதவும் சன்னலும் ஓட்டு இடைவெளியும் திறந்திருக்கும் வீட்டில் அது வெளிக்காற்றை வடிகட்ட முயன்றுகொண்டே இருக்கும். அந்தப் பணத்துக்கு எட்டு, பத்துச் சிலிண்டர் வாங்கலாம். மாறாக, மலிவாகச் செய்யக்கூடியதும் யாரும் சொல்லாததும் கொசுவத்திச் சுருளை நிறுத்துவதுதான். ஒரு சுருள் எரியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிப்பதற்கு ஈடானது என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. நோயாளி படுக்கும் அறையில் இரவு முழுவதும் அதை ஏற்றிவைத்துவிட்டுப் பகலில் புகையில்லா அடுப்பைத் தேடுவதில் பொருளில்லை. கொசுவலை போதும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நோயாளி இல்லாத நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். வீட்டு ஆண்கள் திண்ணையில் பிடிக்கும் பீடியும் இதே கணக்கில் வரும்.

இனி, யாருக்கு எது என்று சொல்லலாம். எரிவாயு இணைப்பு இருந்தும் விறகு தொடரும் நடுத்தர வீட்டுக்கு முதல் செலவு புதிய அடுப்பு அன்று, ஆண்டுக்கு இரண்டு மூன்று சிலிண்டர் கூடுதலாகவும், வெந்நீருக்கு மின்சாரமும். மின்பயன்பாடு மிகக் குறைந்த சிறு குடும்பத்துக்கு இண்டக்‌ஷனை முதன்மையாகவும் எரிவாயுவை மின்தடைக்காகவும் வைத்துக்கொள்வது மலிவாகும். வீட்டு ஆக்சிஜன் வைத்திருப்பவர் உள்ள வீடு இண்டக்‌ஷனையே தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே செலவுக் கணக்கு அடுத்த இடத்துக்குப் போகிறது. வாடகை வீட்டில் மின்மீட்டர் உரிமையாளரின் பொறுப்பில் இருந்து, யூனிட்டுக்குத் தனி விலை வாங்கப்பட்டால், மேலே சொன்ன மின்சாரக் கணக்குகள் பொருந்தா. அவர்களுக்கு எரிவாயுவே வழி. இணைப்புக்குத் தேவையான ஆவணங்கள் இல்லாதவர்கள், முகவரிச் சான்று தேவைப்படாத 5 கிலோ சிறிய சிலிண்டரைப் பற்றி முகவரிடம் கேட்கலாம். இவற்றில் எதுவும் இன்றைக்கு முடியாத வீட்டில், நோயாளியை அடுப்பு மூட்டும் வேலையிலிருந்து விலக்கி, அடுப்பைக் கொல்லையின் காற்று விலகிச் செல்லும் பக்கத்துக்கு மாற்றி, விறகை மழைக்கு முன்பே வெட்டிக் காயவைத்து அடுக்குவதாவது நடக்க வேண்டும். காய்ந்த விறகு ஈர விறகைவிடத் தெளிவாகக் குறைவாகவே புகையும்.

மாறிய பிறகு பயன் கிடைக்கிறதா என்று பார்ப்பதற்கு நோயாளியின் இருமலை மட்டும் நம்ப வேண்டாம். அது பருவத்துக்குப் பருவம் மாறும். சிலிண்டர் பதிவுத் தேதிகள் கைபேசிக் குறுஞ்செய்தியில் இருக்கின்றன. நான்கு பேர் வீட்டில் ஒரு சிலிண்டர் மூன்று மாதம் வந்திருந்தால், மின்சாரத்துக்கும் எதையும் மாற்றவில்லையென்றால், எங்கேயோ விறகு எரிந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சகநோய்ப் பிரிவில் ஸ்பைரோமெட்ரி செய்து, பழைய சீட்டையும் புதிய சீட்டையும் மருத்துவர் முன் ஒன்றாக வைக்க வேண்டும். அப்போது, எத்தனை மில்லிலிட்டர் குறைந்திருக்கிறது என்று கேட்கத் தயங்க வேண்டாம்.